கீசர் மாத்தப் போறீங்களா? உப்புத் தண்ணி ஊர்க்காரங்க கவனிக்க வேண்டியது என்ன?

மார்கழி குளிரில் பழைய கீசர் ஒழுக ஆரம்பித்தால், புதுசு வாங்கக் கடைக்குப் போவோம். "எத்தனை லிட்டர் வேணும்?" என்பதுதான் அங்கே முதல் கேள்வி. காவிரி கடலில் கலக்கும் பூம்புகார் போன்ற ஊரில், போர் தண்ணீர் உப்பா இருந்தால், வாங்குபவர் கேட்க வேண்டியது வேறு: "ஆனோடு ராடு இருக்கா, தனியா மாத்திக்கலாமா?"

ஸ்டோரேஜ் கீசரின் டேங்குக்குள் இருக்கும் மெக்னீசியம் கம்பிதான் அது. உப்புத் தண்ணீர் டேங்கை அரிக்காமல் முதலில் இந்தக் கம்பியை அரிக்கும். கம்பி கரைஞ்சு தீர்ந்துட்டா அடுத்து டேங்க்தான். சர்வீஸின்போது அதைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்க.

ஹீட்டிங் காயிலில் ஓட்டை விழுந்தால் ஆபத்து இன்னும் பெரிசு. கரண்ட் தண்ணீரில் இறங்கும். 'எம்சிபி இருக்கே' என்று விட்டுவிடக் கூடாது. அது ஓவர்லோடு, ஷார்ட் சர்க்யூட்டுக்குத்தான். ஆளைக் கொல்லும் சின்னக் கசிவு அதற்குத் தெரியாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி அதைக் கண்டுபிடித்து ஆஃப் ஆகிவிடும். கீசர் பட்ஜெட்டில் கொஞ்சம் குறைத்தாவது இதைப் போடுங்க. கடலோரத்தில் எர்த் கம்பி இணைப்பும் துருப்பிடிக்கும். எலெக்ட்ரீஷியன் வரும்போதே அதையும் செக் பண்ணச் சொல்லலாம்.

3,000 வாட் இன்ஸ்டன்ட் கீசர் சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் கட்டாயம். ஐஎஸ்ஐ முத்திரை இல்லாததைத் தொடவே வேண்டாம்.

தண்ணீர் சூடாகும்போது பிரஷர் வால்வில் சொட்டுச் சொட்டாக வருவது கோளாறு இல்லை. அதை அடைத்து வைத்தால் டேங்க் வெடிக்கக்கூடும்.