சீதனம் யார் கைக்குப் போகிறது?

திருமணத்தை ஒட்டிக் கைமாறும் பொருளில், மணமகன் வீட்டார் பெண் வீட்டாருக்குக் கொடுப்பது பரிசம் என்றும், பெண்ணுடன் பிறந்தகத்திலிருந்து வருவது சீதனம் என்றும் தமிழில் வழங்கும். பரிசத்தைப் பெண்ணுக்குரிய விலையாகக் கருதலாகாது என்று 1931இலேயே வாதிட்ட மானிடவியலாளர் எவான்ஸ்-பிரிட்சார்ட், இன்றைய தெற்கு சூடானில் வாழும் நூயர் மக்களிடையே களஆய்வு செய்தவர். அங்கே 40 மாடுகள் என்பது மரபான அளவு. அவை தந்தையின் பட்டியிலேயே தங்கிவிடாமல், தந்தைவழி, தாய்வழி உறவினரிடையே முறைப்படி பங்கிடப்பட்டன. அக்காளுக்கு வந்த மாடுகளைக் கொண்டு தம்பிக்குப் பெண் எடுத்தனர். பிறக்கும் குழந்தைகள் எக்குலத்தவர் என்பதை நிலைநாட்டியவையும் அம்மாடுகளே.

சில சமூகங்கள் பரிசத்தையும் வேறு சில சீதனத்தையும் ஏன் கைக்கொண்டன என்பதற்கு மானிடவியலாளர் ஜாக் குடி, பொருளியலாளர் எஸ்டர் போசரப்பின் ஆய்வையும் துணைக்கொண்டு, உழவுமுறையில் விடை தேடினார். நிலம் தாராளமாக இருந்து, பெண்கள் மண்வெட்டியால் பயிரிட்ட ஆப்பிரிக்கப் பகுதிகளில், பெண்ணின் உழைப்பை இழக்கும் குடும்பத்துக்கு ஈடு தேவைப்பட்டது. ஏர் உழவு வேரூன்றி, நிலம் அருகி, ஏற்றத்தாழ்வு கூர்மையடைந்த ஐரோப்பாவிலும் ஆசியாவிலும், மகளின் தகுதி தாழாதிருக்கப் பெற்றோர் தாம் வாழும்போதே அவளுக்குரிய பாகத்தைப் பிரித்துக் கொடுத்தனர் என்பது அவர் கருத்து. சீதனத்தை மகளின் சொத்துரிமையாகக் காணும் இவ்விளக்கத்தை 1973இல் அவருடன் சேர்ந்து நூலாக வெளியிட்டவர், இலங்கைத் தமிழரான ஸ்டான்லி தம்பையா.

இக்கொள்கைக்கு யாழ்ப்பாணத்துத் தேசவழமை நெருங்கிய சான்று. டச்சுக்காரர் 1707இல் எழுத்தில் தொகுத்த அவ்வழக்கத்தின்படி, தாயின் சீதனம் மகள்களுக்கும், தந்தையின் முதுசம், அதாவது பரம்பரைச் சொத்து, மகன்களுக்கும் சென்றது. எனினும் தன் பெயரிலுள்ள காணியை விற்கவே மனைவி கணவனின் ஒப்புதலைப் பெற வேண்டியிருந்தது என்பதால், உடைமை வேறு, ஆளுகை வேறு என்பது அங்கேயே வெளிப்படுகிறது.

இந்தியாவின் இன்றைய வரதட்சிணையையோ குடியின் விளக்கத்துக்குள் அடக்கவே முடியாது. சமூகவியலாளர் எம். என். சீனிவாஸ் 1984இல் காட்டியபடி, ஆங்கிலேயர் காலத்தில் படிப்பும் அரசு வேலையும் பெற்ற மணமகன்களுக்கு எழுந்த போட்டியில் வளர்ந்த இது, மகளுக்குத் தரும் பாகமாக அன்றி மாப்பிள்ளைக்குக் கட்டும் விலையாகவே விளங்குகிறது. ரொக்கம் மணமகன் வீட்டுக்குச் சென்று, பல வேளைகளில் அவ்வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொடுக்கச் செலவாகிறது. மணமகள் கைக்கு ஒரு ரூபாயும் வராமல் போகலாம். எனவே சீதனம் பெண்ணைக் காப்பதாகச் சொல்வோர், அது கடைசியில் எவர் பொறுப்பில் நிற்கிறது என்பதற்கு முதலில் விடை கூற வேண்டும். வரதட்சிணையைக் குற்றமாக்கிய 1961ஆம் ஆண்டுச் சட்டமும் இதைக் கருதியே, பிறர் பெற்ற வரதட்சிணையை அவர்கள் பெண்ணிடமே ஒப்படைக்க வேண்டும் என்று 6ஆம் பிரிவில் விதித்துள்ளது.