உமரிச் செடியின் கணக்கும் கருவியின் பிழையும்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் பிரம்மதேசம் தாண்டிக் கடற்கரைப் பக்கம் போனால் உப்பளங்கள் வரும். நெல் கருகிப்போகும் அந்த மண்ணில், பாத்தி ஓரங்களில் உமரி செழித்து நிற்கும். உப்பு ஏற ஏற இப்படிப்பட்ட செடியில் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரிந்தால் நெல்லுக்கும் அந்தத் தாங்குதிறனைக் கொடுக்கலாம். சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் அஜய் பரிதா குழுவினர் வெண்கண்டல் மரத்தின் மரபணு ஒன்றை நெல்லில் சேர்த்து, அது உப்பைத் தாங்குவதை 2008இல் வெளியிட்டார்கள்.

வேலை செய்யும் மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. நகல்கள் உருவாகும். அவற்றை டி.என்.ஏ.வாக மாற்றிப் பி.சி.ஆர். கருவியில் ஏற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ இரட்டிக்கும். டி.என்.ஏ.வோடு சேர்ந்து கூடும் ஒளி, குறித்த அளவை எத்தனையாவது சுற்றில் தொடுகிறது என்பதே கருவி தரும் எண். தொடக்கத்தில் நகல் கூடுதலாக இருந்தால் எண் குறையும்.

ஒரு கணக்கு போடுவோம். நல்ல தண்ணீரில் வளர்ந்த செடிக்கு 25, உப்புநீர்ச் செடிக்கு 22. மூன்று சுற்று வித்தியாசம். அதாவது எட்டு மடங்கு. ஆனால் எல்லா நிலையிலும் ஒரே அளவில் இயங்குவதாகக் கருதப்படும் ஒப்பீட்டு மரபணுவைப் பார்த்தால் அதுவும் 20, 18 என்று காட்டுகிறது. அப்படியானால் உப்புநீர் மாதிரியில் ஆர்.என்.ஏ.வே நான்கு மடங்கு கூடுதலாக ஏறிவிட்டது. எட்டை நான்கால் வகுத்தால் உண்மையான உயர்வு இரண்டு மடங்குதான்.

ஒப்பீட்டு மரபணுவே உப்பால் மாறினால்? அதனால்தான் பலவற்றைச் சோதித்து, நிலையானவற்றின் சராசரியை எடுக்கும் முறையை பெல்ஜியத்தின் வாண்டசொம்பல குழு 2002இல் தந்தது. உப்புச் செடி இலையின் கொழகொழப்பான சர்க்கரைப் பொருள்களும் டி.என்.ஏ.வை இரட்டிக்கும் நொதியை மந்தப்படுத்தும். மாதிரியைப் படிப்படியாக நீர்க்கவைத்து அளந்தால் அது பிடிபடும்.

கணக்கால் தீராத பிழையும் உண்டு. ஐரோப்பிய, ஆசிய வம்சாவளியினரின் மரபணுச் செயல்பாட்டில் பெரிய வேறுபாடு இருப்பதாக 2007இல் ஓர் ஆய்வு சொன்னது. இரு பிரிவின் மாதிரிகளும் பெரும்பாலும் வெவ்வேறு ஆண்டுகளில் அளக்கப்பட்டவை என்று வேறொரு குழு சுட்டிக்காட்டியது. வம்சத்தால் வந்த வேறுபாட்டையும் ஆண்டால் வந்த வேறுபாட்டையும் பிரிக்க வழியில்லை.

ஆகவே உப்புநீர்ச் செடியும் நல்லநீர்ச் செடியும் ஒரே நாளில், ஒரே தட்டில் மாறி மாறி ஏற வேண்டும். பொய்யான எட்டு மடங்கை நம்பி ஒரு மரபணுவைத் தேர்ந்தால், அதை நெல்லில் சேர்த்துச் சோதிக்கும் பல ஆண்டு உழைப்பு வீணாகும்.