முன் சில்லைப் பூட்டிய பின் ஒரு நிமிடம்

ஓட்டமாவடி, வாழைச்சேனைப் பகுதிகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் பெண்களைக் காண்பது இன்று புதுமையல்ல. வேலைக்குப் போகிறோம், பிள்ளைகளைப் பாடசாலையில் விடுகிறோம். ஆனால் வண்டியில் கோளாறு என்றதும் கராஜில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறோம். நானும் அப்படித்தான் நின்றேன்.

ஒரு நாள் களப்பணிக்குப் போகும் வழியில் முன் டயர் பஞ்சரானது. கடையொன்றில் சில்லைக் கழற்றி, டியூபை ஒட்டி, மீண்டும் பூட்டித் தந்தார்கள். ஓட்டமாவடிப் பாலத்தை நெருங்கும்போது யாரோ பின்னாலிருந்து இழுப்பதுபோல வண்டி பாரமாக ஓடியது. வேகமானியின் முள்ளும் அசையவில்லை. ரயிலும் வாகனங்களும் ஒரே பாலத்தில் போன காலம் மாறி, 2010இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் இப்போது பஸ்களும் லொறிகளும் வேகமாக வருகின்றன. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வண்டியை உருட்டிக்கொண்டு வேறொரு கராஜுக்குப் போனேன். அங்கிருந்த தம்பி சில்லைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “மிஸ், இப்படியே பிரேக்க அடிச்சிருந்தா விழுந்திருப்பீங்க” என்றார்.

காரணம் எளிமையானது. டிரம் பிரேக்கில், பிரேக் கட்டைகளைத் தாங்கும் தட்டில் ஒரு வெட்டு இருக்கும். போர்க்கில் உள்ள முட்டு அந்த வெட்டுக்குள் அமர வேண்டும். அமராவிட்டால், பிரேக் பிடிக்கும்போது தட்டும் சில்லோடு சேர்ந்து சுழலும். சில்லு திடீரென இறுகி நின்றுவிடலாம். பல வண்டிகளில் வேகமானியை இயக்கும் பற்சில்லும் அதே தட்டில்தான் இருக்கிறது. அதைச் சரியாகப் பொருத்தாமல் அச்சாணியை இறுக்கினால் சில்லு இலகுவாகச் சுற்றாமல் போகலாம், முள்ளும் அசையாமல் போகலாம்.

அந்தத் தம்பி எல்லாவற்றையும் கழற்றி ஒழுங்காகப் பூட்டினார். அச்சாணி நட்டை முதலில் இலேசாக முடுக்கினார். பிறகு முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே நன்றாக இறுக்கினார். இப்படிச் செய்தால் பிரேக் கட்டைகள் நடுவில் அமரும்.

சகோதரிகளே, முன் சில்லைக் கழற்றிப் பூட்டினால் கடையை விட்டுப் புறப்படுமுன் இவற்றைப் பாருங்கள்:

• நடு ஸ்டாண்டில் நிறுத்தி முன் சில்லைக் கையால் சுற்றுங்கள். உரசாமல் சுழல வேண்டும்.
• தட்டின் வெட்டு போர்க்கின் முட்டில் அமர்ந்துள்ளதா?
• டயரில் அம்புக்குறி இருந்தால், அது சில்லு முன்னோக்கிச் சுழலும் திசையைக் காட்டுகிறதா?
• பிரேக் பிடித்து விட்டதும் சில்லு தடையின்றிச் சுற்றுகிறதா?
• டிஸ்க் பிரேக் என்றால், பிடி இறுகும் வரை பலமுறை அழுத்துங்கள். முதல் அழுத்தலில் பிரேக் பிடிக்காமல் போகலாம்.
• சிறிது தூரம் மெதுவாக ஓட்டுங்கள். முள் அசைகிறதா? நின்ற பின் டிரம் அளவுக்கு மீறிச் சுடுகிறதா?

இதற்கு ஸ்பானர் பிடிக்கத் தெரிய வேண்டியதில்லை. “தம்பி, ஒருக்கா சுத்திக் காட்டுங்க” என்று கேட்க வெட்கப்படாமல் இருந்தால் போதும். பின்னால் இருப்பது நம் பிள்ளையல்லவா?