மலைக்குப் பேருந்து, சமவெளிக்குச் சைக்கிள்

பினாங்குத் தீவைக் கிழக்கிலிருந்து மேற்கே கடக்க வேண்டுமென்றால் நடுவில் ஒரு மலைத்தொடரைத் தாண்ட வேண்டும், அல்லது தெற்கே சுற்றிப் போக வேண்டும். அந்தத் தொடரில் மிக உயர்ந்த கொடிமலை 833 மீட்டர். கிழக்கே ஜார்ஜ் டவுன், அதன் அடுக்குமாடிகள், நெரிசல். மேற்கே பாலிக் புலாவ். அங்கே மலைச்சரிவு முழுக்க டுரியான், ஜாதிக்காய், கிராம்புத் தோட்டங்கள். அடிவாரத்திலிருந்து கடல் வரை வண்டல் படிந்த தட்டையான நிலம். சுங்கை பூரோங் வயல்களும் புலாவ் பெத்தோங் மீனவர் குடியிருப்பும் இந்தத் தட்டை நிலத்தில்தான் இருக்கின்றன.

டுரியான் பழுக்கும் ஆண்டு நடுப்பகுதியில் விடுமுறை நாள்களும் சேர்ந்துகொண்டால் இங்கே வரும் குறுகிய சாலைகளில் கார்கள் வரிசை கட்டி நிற்கும். பாலிக் புலாவைச் சுற்றிப் பார்க்கக் காரைவிடப் பொருத்தமான வாகனம் ஒன்று உண்டு. அது சைக்கிள். ஏன் பொருத்தம் என்பதற்கு அந்த இயந்திரத்துக்குள்ளேயே விடை இருக்கிறது.

நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் நம் உடல் கொஞ்சம் மேலே எழும்பிக் கீழே இறங்குகிறது. கால்கள் உடலைச் சுமந்துகொண்டே அதை நகர்த்தவும் வேண்டியிருக்கிறது. சைக்கிளில் உடலின் பாரத்தை இருக்கை ஏற்றுக்கொள்கிறது. கால்களுக்கு நகர்த்தும் வேலை மட்டுமே மிச்சம். சுத்தமாக எண்ணெய் போட்ட சங்கிலி, பெடலில் நாம் கொடுக்கும் ஆற்றலில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அதனால்தான் நடப்பதற்கு ஆகும் அதே உழைப்பில் சைக்கிளில் மூன்று மடங்கு தூரத்துக்கு மேல் போக முடிகிறது. ஒரு கிராம் எடையை ஒரு கிலோமீட்டர் நகர்த்த எவ்வளவு ஆற்றல் ஆகிறது என்று விலங்குகளையும் இயந்திரங்களையும் ஒப்பிட்டு, 1973இல் எஸ்.எஸ். வில்சன் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் எழுதினார். அந்தப் பட்டியலில் சைக்கிள் ஓட்டும் மனிதனுக்கே முதலிடம்.

காற்றில்லாத தட்டைச் சாலையில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போக ஏறத்தாழ 50 வாட் போதும். பழைய குண்டு பல்பு ஒன்று எரிய ஆகும் திறன் அவ்வளவுதான். ஓரளவு ஆரோக்கியமான எவரும் இதை மணிக்கணக்கில் தரலாம். வேகத்தைக் கூட்டினால் கணக்கு மாறிவிடும். வேகம் இரு மடங்கானால் காற்றை விலக்கித் தள்ள ஆகும் திறன் எட்டு மடங்காகிறது. வயலோரச் சாலையில் அவசரமில்லாமல் மிதிப்பவருக்கு இந்த இயந்திரம் மிகத் தாராளமாக உதவுகிறது.

ஏற்றம் வந்தால்தான் சோதனை. ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டர் உயரம் ஏற, உராய்வை விட்டுவிட்டாலும் சுமார் 83 கிலோஜூல் ஆகும். 100 வாட் திறனில் விடாமல் மிதித்தால் இதற்கே ஏறக்குறைய 14 நிமிடம் போய்விடும். எந்தக் கியராலும் இந்தக் கணக்கைக் குறைக்க முடியாது. உழைப்பைக் கால் தாங்கும் அளவுக்குச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்துக் கொடுப்பதே கியரின் வேலை.

இதைப் புரிந்துகொள்ள நிறுத்தி வைத்த சைக்கிளின் பக்கத்தில் குனிந்து பற்களை எண்ணிப் பாருங்கள். முன்னால் 48 பற்களும் பின்னால் 16 பற்களும் உள்ள சக்கரங்களில் சங்கிலி ஓடினால், பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது பின்சக்கரம் மூன்று சுற்றுச் சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு 2.1 மீட்டர் என்றால் ஒரு மிதிச்சுற்றுக்கு 6.3 மீட்டர் தூரம் கிடைக்கும். தட்டைச் சாலைக்கு இது சரி. முன்னால் 32, பின்னால் 32 என்று மாற்றினால் ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர்தான் நகர்வோம். மூன்று மடங்கு சுற்ற வேண்டும். ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் மூன்றில் ஒரு பங்கு விசை போதும். மேடு தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். பாரம் முழுவதும் ஏறிய பிறகு மாற்றினால் சங்கிலி திணறும், சில நேரம் கழன்றும் விடும்.

இன்றைய சைக்கிளின் வடிவத்தை 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ‘ரோவர்’ உறுதிசெய்தது. இரண்டு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவு, நடுவில் பெடல், பின்சக்கரத்துக்குச் சங்கிலி. 1888இல் ஜான் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். சாலையின் சிறு மேடு பள்ளங்களை அந்தக் காற்று வாங்கிக்கொண்டதால் வண்டி குலுங்கி ஆற்றலை வீணாக்குவது குறைந்தது. 1890களில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் சைக்கிள் மோகத்தில் மூழ்க, ரப்பரின் தேவை பெருகியது. 1896இல் டான் சே யான் மலாக்காவில் ரப்பரை வணிகப் பயிராக நடத் தொடங்கினார். பின்னர் மோட்டார் காரும் வந்து சேர, மலாயாவெங்கும் ரப்பர் தோட்டங்கள் பரவின. அவற்றில் பால் வெட்டத் தமிழ்நாட்டிலிருந்து லட்சக்கணக்கானோர் கப்பலேறி வந்தார்கள். அந்தக் கப்பல்கள் ஆள் இறக்கிய துறைமுகங்களில் பினாங்கும் ஒன்று. மலேசியத் தமிழரின் குடும்ப வரலாற்றில் சைக்கிள் டயருக்கும் ஓர் இடம் இருக்கிறது.

பாலிக் புலாவில் சைக்கிள் ஓட்டுபவருக்கு மேட்டைவிடப் பெரிய எதிரி வெயில். நம் தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்குதான் பெடலுக்குப் போகிறது; மிச்சம் முக்கால் பங்கு வெப்பமாகிறது. 100 வாட் மிதிப்பவரின் உடலில் கூடவே 300 வாட் வெப்பம் உண்டாகிறது. அதை வெளியேற்ற வியர்வை ஆவியாக வேண்டும். கணக்குப் போட்டால் மணிக்கு அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான வியர்வை ஆவியாக வேண்டியிருக்கும். பினாங்கின் ஈரக்காற்றில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. சொட்டிக் கீழே விழும் வியர்வை உடலைக் குளிர்விப்பதும் இல்லை. ஓடும் சைக்கிளில் முகத்தில் படும் காற்றுத்தான் இங்கே கைகொடுக்கிறது. ஏற்றத்தில் வேகம் குறையும்போது அந்தக் காற்றும் நின்றுவிடுகிறது, உழைப்போ கூடுகிறது. மலைச்சாலையில் மயக்கம் வருவதற்கு இதுவே காரணம்.

ஆகவே திட்டம் எளிது. மலையைப் பேருந்தில் கடந்து, சமவெளியைச் சைக்கிளில் சுற்றுங்கள். ஜார்ஜ் டவுன் படகுத்துறை முனையத்திலிருந்து ரேப்பிட் பினாங்கு பேருந்துகள் பாலிக் புலாவுக்குப் போகின்றன. ஆயர் ஈத்தாம் பக்கமாக மலை ஏறிப் போகும் வழியும் உண்டு, பாயான் லெப்பாஸ், தெலுக் கும்பார் என்று தெற்கே சுற்றிப் போகும் வழியும் உண்டு. கோலாலம்பூரிலிருந்து வருபவர்கள் மின்ரயிலில் பட்டர்வொர்த் வந்து படகில் தீவுக்கு வரலாம். அந்தப் படகுகள் இப்போது கார்களை ஏற்றுவதில்லை. பயணிகளையும் மோட்டார் சைக்கிளையும் சைக்கிளையும் ஏற்றுகின்றன. பாலிக் புலாவிலேயே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கிறது, வழிகாட்டியோடு போகும் சுற்றுகளும் நடக்கின்றன.

காலை ஏழு மணி வாக்கில்தான் அங்கே விடியும். விடிந்ததும் கிளம்பி வெயில் ஏறுவதற்குள் சுற்றி முடியுங்கள். ஊர் நடுவிலிருந்து சுங்கை பூரோங் வயல்களை நோக்கிப் போகும் சிறு சாலைகள் தட்டையானவை. இருபுறமும் வாய்க்கால், நெல், கொக்கு. ஓடும் காரின் மூடிய கண்ணாடிக்குள் எட்டாத சேற்று வாசனையும் கம்போங் அடுப்புப் புகையும் சைக்கிளில் வருபவருக்குக் கிடைக்கும். திரும்பி வந்து சந்தைப் பக்கம் ஒரு கிண்ணம் பாலிக் புலாவ் லக்சாவும் ஒரு குவளை ஜாதிக்காய்ச் சாறும் வாங்கினால், நாம் செலவழிக்கும் பணம் அந்த ஊர்க்காரர் கைக்கே போகும்.

சில எச்சரிக்கைகள். மழை பெய்தால் சக்கர விளிம்பைப் பிடிக்கும் பிரேக் உடனே பிடிக்காது, முன்கூட்டியே அழுத்துங்கள். தலைக்கவசம் அணியுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடியுங்கள். செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம். அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. வயல் வரப்பில் வண்டி ஓட்டாதீர்கள். அது ஒருவருடைய பிழைப்பு.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டைஆக்சைடு வெளியாகிறது. ஜார்ஜ் டவுனிலிருந்து பாலிக் புலாவுக்குப் போக வர 50 கிலோமீட்டர், கார் அதற்கு 4 லிட்டர் குடிக்கிறது என்றால், ஒரே நாள் உலாவுக்கு 9 கிலோவுக்கு மேல் புகையை அந்த மலைக்கும் வயலுக்கும் கொடுத்துவிட்டு வருகிறோம். எப்படியும் ஓடப்போகிற பேருந்தில் ஓர் இருக்கையும் ஒரு வாடகைச் சைக்கிளும் இதில் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடும். இந்த விடுமுறைக்குப் பாலிக் புலாவ் போவதாக இருந்தால் காரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.