வீதி, பந்தல், மைதானம்: காவிரிப் படுகையின் ரசிகர்

காவிரிப் படுகையின் ரசிகர் என்றதும் கச்சேரி அரங்கில் தொடையில் தாளம் போட்டபடி அமர்ந்திருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்வது தமிழ் வாசகர்களின் பழக்கமாகிவிட்டது. அந்தச் சித்திரம் பொய்யன்று என்றாலும் பிற்காலத்தது. சீட்டு வாங்காமல், நாற்காலி இல்லாமல், கோயில் வீதியிலோ அறுவடை முடிந்த திடலிலோ விடியும்வரை நின்றும் உட்கார்ந்தும் கேட்ட கூட்டமே இந்த வட்டாரத்தின் பழைய ரசிகர் கூட்டம். நாகசுரமும் கோமாளியின் பேச்சும் அந்தக் கூட்டத்தை நம்பியே வளர்ந்தன. ஹாக்கி அதனிடம் ஏன் அரைகுறையாக வந்து சேர்ந்தது என்ற கேள்விக்கும் அதே திடலின் மண்ணில்தான் விடை கிடக்கிறது.

தஞ்சை மாவட்டத்து ரசனையின் நாட்காட்டியை வகுத்தது ஆற்றுநீர். மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்ட பிறகு ஜூன் 12 அன்று பாசனத்துக்கு மதகு திறப்பதும் ஜனவரி 28 அன்று மூடுவதும் மரபாயின; அதற்கு முன்போ ஆடிப் புதுவெள்ளத்தைப் பார்த்தே நாற்றங்கால் வேலை தொடங்கியது. குறுகிய காலப் பயிரான குறுவை, நீண்ட காலப் பயிரான சம்பா, குறுவை அறுத்த வயலிலேயே மறுபடி நடும் தாளடி ஆகிய மூன்றும் முடிந்து தை, மாசியில் களம் ஒழிந்தால், அடுத்த தண்ணீர் வரும்வரை வயலில் உளுந்தும் பயறும் தவிர வேறு வேலை அதிகம் இராது. திருவாரூர் ஆழித்தேரும் தஞ்சைப் பெரிய கோயிலின் சித்திரைத் திருவிழாவும் பங்குனிக்கும் வைகாசிக்கும் இடைப்பட்ட இந்த வறண்ட மாதங்களில் விழுவது தற்செயலாகத் தோன்றவில்லை. பெரிய கோயிலில் வைகாசிப் பெருவிழாவின்போது இராசராசேசுவர நாடகம் ஆடுவதற்காகச் சாந்திக்கூத்தன் ஒருவனுக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் அளக்கும்படி ஏற்பாடு செய்த 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டும் இந்த வைகாசியையே குறிக்கிறது. கூத்துக்குக் கூலி நெல்லாக இருந்த ஊரில், நெல் குதிருக்குள் போன பிறகுதான் கூத்துக்குப் பொழுது வாய்த்திருக்கும்.

இசையில் இந்தத் திறந்தவெளிக்கென்றே பிறந்த கருவி நாகசுரம். வீணையும் வயலினும் சுவருக்குள் கேட்கப்படுபவை. நாகசுரமும் அதன் இணையான தவிலும் சுவர் தாண்டிக் கேட்கப்பட வேண்டியவை. சுவாமி புறப்படும்போது பெரும்பாலும் கம்பீர நாட்டை இராகத்தில் வாசிக்கப்படும் மல்லாரி என்னும் உருப்படி, ஆண்டவன் வெளியே வந்துவிட்டான் என்று நான்கு வீதிக்கும் அறிவிக்கும் வேலையையும் செய்தது. பின்னர் வீதியுலா நகர நகர, சந்திகளில் நின்று ஒரே இராகத்தை மணிக்கணக்கில் விரிக்கும் ஆலாபனை நடந்தது. கூட்டமும் தேர்போல மெல்ல நகர்ந்தது. பிடிக்காதவர் வீட்டுக்குப் போகலாம், பிடித்தவர் அடுத்த சந்திவரை உடன் வரலாம் என்ற இந்த ஏற்பாட்டில் வித்துவானுக்குக் கிடைத்த தீர்ப்பு மிகக் கறாரானது. சீட்டு வாங்கிவிட்டோமே என்பதற்காக உட்கார்ந்திருக்கும் கருணை அங்கே கிடையாது.

ஆயினும் திறந்தவெளி எல்லார்க்கும் ஒரே அளவில் திறந்திருந்தது என்று சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. 1939ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டம் வரும்வரை கோயிலுக்குள் நுழையத் தடுக்கப்பட்ட மக்களுக்கு, மதிலைத் தாண்டி வந்த நாகசுர ஓசை ஒன்றே கோயிலிலிருந்து கிடைத்த பங்கு. வாசித்தவர்களின் நிலையும் மெச்சத்தக்கதாக இல்லை. இறைவன் திருமுன் முதலில் ஒலித்த வாத்தியத்தின் கலைஞர், பிரபுக்கள் வீட்டுத் திருமணத்தில் மேடைக்குக் கீழே நின்று வாசிக்க வேண்டியிருந்தது. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) இந்த வழக்கத்தோடு மோதினார். கிராப்புத் தலையும் கோட்டுமாக வந்தார், மேடையில் அமர்ந்து வாசிப்பதை வற்புறுத்தினார், அவருடைய தோடி இராகத்துக்காகவே ஊர் விட்டு ஊர் போகும் ஒரு கூட்டம் உருவாயிற்று.

அவர் கையிலிருந்த கருவியின் கதை, கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையிலுள்ள நரசிங்கம்பேட்டையில் தொடங்குகிறது. குட்டையாகவும் உச்சக் குரலோடும் இருந்த திமிரி என்னும் பழைய வகைக்கு மாற்றாக, நீண்டு, சுருதி தாழ்ந்து, இராக விரிவுக்கு இடம்கொடுக்கும் பாரி நாகசுரம் பரவியதில் இராஜரத்தினம் பிள்ளைக்கும், அவருக்கேற்றபடி கருவியைக் கடைந்து திருத்திய நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரிக்கும் பெரும்பங்குண்டு. ஆச்சா மரம் இதற்கு உகந்தது. அதிலும் புதிதாய் வெட்டிய மரத்தைவிட, பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், பல பத்தாண்டுகள் காய்ந்து ஈரம் முற்றும் போன உத்திரங்களையும் தூண்களையுமே ஆசாரிகள் தேடுகிறார்கள். துளைகள் உள்ள நீண்ட உடல் உலவு எனப்படும். அடியில் விரிந்த வாய் அணசு. வாயில் வைத்து ஊதும் சீவாளி, ஆற்றோரத்தில் வளரும் கொறுக்கைத் தட்டையைப் பக்குவப்படுத்திச் செய்யப்படுவது. ஆக, இந்த ஓசையின் நாவும் காவிரிக் கரையில் முளைத்ததுதான். நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு, அதாவது ஊர்ப்பெயரால் அறியப்படும் பொருளுக்கான சட்டப் பாதுகாப்பு, கிடைத்தது. குறியீடு கருவியைக் காக்கும். விடிய விடிய நின்று கேட்கும் கூட்டத்தைக் காக்க எந்தப் பதிவகத்திலும் விண்ணப்பப் படிவம் இல்லை.

மேடையேறியதால் நாகசுரம் பெற்றது மரியாதை; இழந்தது வீதி. இரண்டையும் எடைபோட்டால் மரியாதையின் தட்டே தாழும் என்பதில் ஐயம் இல்லை. ஆனால் இழப்பை இழப்பென்று சொல்வதில் தவறும் இல்லை.

இராஜரத்தினம் பிள்ளை 1940இல் 'கவி காளமேகம்' என்ற படத்தில் காளமேகமாகவே நடித்தார் என்பது இசைக்கும் நகைச்சுவைக்கும் இடையில் இந்தப் படுகை போட்ட விசித்திரமான முடிச்சு. 15ஆம் நூற்றாண்டினர் எனக் கருதப்படும் காளமேகப் புலவர், ஒரே சொற்றொடரில் இரு பொருள் ஒளிக்கும் சிலேடைக்கும், ஆளைக் கவிழ்க்கும் வசைக்கும் பேர்போனவர். நாகப்பட்டினத்துச் சத்திரம் ஒன்றில் அரிசி வந்து சேரவே அந்தியாகிவிடும், இலையில் சோறு விழுவதற்குள் விடிவெள்ளி எழுந்துவிடும் என்று அவர் கேலி செய்த பாடல் இன்றும் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும். நெல் விளையும் நாட்டில் சோற்றுக்குக் காத்திருப்பதைவிடப் பெரிய நகைச்சுவை ஏது?

இந்த வசையும் சிலேடையும் ஏட்டோடு நிற்காமல் மேடைக்கு வந்த வழிகள் பல. தஞ்சைக்கு அருகிலுள்ள மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டிக் கோடைக்காலத்தில் நடைபெறும் பாகவத மேளத்தில், பெண் வேடங்களையும் ஆண்களே ஏற்று, மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரி இயற்றிய 'பிரகலாத சரித்திரம்' முதலிய தெலுங்கு நாடகங்களை இரவெல்லாம் நிகழ்த்துவார்கள். பக்தியே நோக்கமான அந்த அரங்கிலும் முதலில் துள்ளிக் குதித்து வருபவன் கூம்புக் குல்லாய் அணிந்த கோணங்கி. சிரிக்க வைத்த பிறகே சாமி வருகிறது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்வதும், சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழிவந்த 'வள்ளி திருமணம்' போன்ற நாடகங்களில் பபூன் செய்வதும் ஏறக்குறைய இந்த வேலைதான். ஸ்பெஷல் நாடகம் என்று வழங்கும் அவ்வகையில், வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே அமர்த்தப்பட்ட நடிகர்கள் ஒத்திகை ஏதுமின்றி அன்றிரவே மேடையில் சந்திப்பதால், பபூனுக்கு எழுதிய வசனம் இராது. ஆர்மோனியக்காரரைச் சீண்டியும், ஊர்ப் பெரியவரை இழுத்தும், முன்வரிசையில் தூங்குபவரைக் குறிவைத்தும் அவர் பொழுதை நகர்த்துவார். உள்ளூர்ச் செய்தி தெரியாத பபூன் அந்த ஊரில் தேறமாட்டார்.

நாடக மேடை திரைக்கு இடம்பெயர்ந்தபோது படுகை தன் பங்குக்கு இருவரைக் கொடுத்தது. காரைக்காலில் 1917இல் பிறந்த கே. ஏ. தங்கவேலு, 1936இல் வெளிவந்த 'சதி லீலாவதி'யில் சிறு வேடத்தில் தலைகாட்டி, 1959இல் ஸ்ரீதரின் 'கல்யாணப் பரிசு' படத்தில் வேலைவெட்டி இல்லாமலே மனைவியிடம் 'எழுத்தாளர் பைரவன்' என்று பீற்றிக்கொள்ளும் வேடத்தில் நிலைபெற்றார். அடி, உதை, விழுதல் எதுவும் இல்லாமல், பேச்சின் இழுப்பையும் நிறுத்தத்தையும் மட்டும் நம்பிய அவருடைய பாணியில், திண்ணைப் பேச்சின் தாளம் கேட்கிறது. மன்னார்குடியில் 1937இல் பிறந்து பள்ளத்தூரில் வளர்ந்த மனோரமா நாடக மேடையிலிருந்து வந்தவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்து 2015இல் மறைந்தார். கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடரிலிருந்து ஏ. பி. நாகராஜன் 1968இல் உருவாக்கிய 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில், சிக்கல் நாகசுரக்காரரும் திருவாரூர் நடனக்காரியும் கதையின் நடுவே நிற்க, மனோரமாவின் ஜில்ஜில் ரமாமணியும் நாகேஷின் வைத்தியும் டி. எஸ். பாலையாவின் தவில்காரரும் அவர்களைச் சுற்றி அந்தக் காலத்துத் திருவிழாக் கூட்டத்தையே கட்டியெழுப்பிவிடுகிறார்கள். அதில் ஒலித்த நாகசுரம் மதுரை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது என்பதைத் தஞ்சைக்காரர்கள் சற்று மெல்லிய குரலில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும்.

இவ்வளவு தேர்ந்த ரசிகர் கூட்டம் இருந்தும், வளைகோல் பந்தாட்டம் என்று தமிழில் பெயரிடப்பட்டு, ஹாக்கி என்றே எல்லாரும் அழைக்கும் ஆட்டம் இங்கே சடுகுடு அளவுக்கு ஊன்றவில்லை. அணிக்குப் பதினொருவர், ஆட்டம் பதினைந்து நிமிடக் கால் பகுதிகள் நான்கு, மைதானம் 91.4 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும் கொண்டது. தஞ்சாவூர்க் கணக்கில் இருபது மா சேர்ந்தது ஒரு வேலி, ஒரு மா ஏறக்குறைய ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு என்பதால், ஒரு ஹாக்கி மைதானம் சுமார் மூன்றே முக்கால் மா நிலம். அவ்வளவு நன்செயை ஆட்டத்துக்கென ஆண்டு முழுவதும் ஒதுக்க எந்த மிராசுதாரும் மனம் ஒப்பியிருக்கமாட்டார். கோடையில் ஒழியும் வயலோ ஆட்டத்துக்கு ஆகாது; நீர் வற்றிய களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், அறுத்த தாள்கள் காலில் குத்தும். 160 கிராம் அளவே எடையுள்ள பந்து தரையோடு தரையாக நேர்கோட்டில் ஓடினால்தான் ஹாக்கி. வெடிப்பில் மாட்டும் பந்தை வைத்துக்கொண்டு ஆட்டமும் இல்லை, ரசிகரும் இல்லை. மூச்சைப் பிடித்து ஆடும் சடுகுடுவுக்கு ஒரு சிறு களத்துமேடே போதும்.

ஹாக்கி வேரூன்றிய இடங்களைப் பார்த்தால் இந்த ஊகம் வலுப்படுகிறது. தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பேர்போன கோவில்பட்டி, ஆற்றுப் பாசனம் இல்லாத மானாவாரிச் சீமை; லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி அங்கே ஊர்த் திருவிழாவுக்குச் சமமானது. காவிரிப் படுகைக்கு மிக அருகில் ஹாக்கியில் பெயரெடுத்தவர் செல்வம் கார்த்தி. அவருடைய ஊரும் கொள்ளிடத்துக்கு வடக்கே சுண்ணாம்புக்கல் நிலமான அரியலூர்தான், பயிற்சி பெற்றதும் கோவில்பட்டியில்தான். 2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக அவர் ஒரு கோல் அடித்தார். தஞ்சாவூர் நகரமே தெற்கிலும் மேற்கிலும் வல்லம் பக்கத்துச் செம்மண் மேட்டையும், வடக்கிலும் கிழக்கிலும் வண்டல் வயலையும் கொண்டு விளிம்பில் நிற்பது. நகரத்தின் விளையாட்டுகள் இறுகிய தரையுள்ள பள்ளி, கல்லூரி மைதானங்களையும் அன்னை சத்யா விளையாட்டரங்கையும் சார்ந்தே வளர்ந்தன.

மண் தரையில் கற்றவர்களுக்கு 1976இல் ஒரு பேரிடி விழுந்தது. மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைப் புல்தரை விரிக்கப்பட, அதுவரை ஒவ்வோர் ஒலிம்பிக்கிலும் பதக்கத்தோடு திரும்பிய இந்தியா ஏழாம் இடத்தில் முடித்தது. 1980இல் மாஸ்கோவில் தமிழ்நாட்டின் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வந்தாலும், வலுவான அணிகள் பல அங்கே வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். புதிய தரையின் இன்னொரு குணம் காவிரிக்காரர்களைச் சிரிக்க வைக்கக்கூடியது: பந்து வழுக்கி ஓடவும் வீரர்களின் தோல் உராயாமல் இருக்கவும் ஆட்டத்துக்கு முன்னும் இடைவேளையிலும் அதன்மேல் நீர் பாய்ச்ச வேண்டும். கடைமடை வரை தண்ணீர் வருமா என்று ஆண்டுதோறும் ஏங்கும் நாட்டில், நெல் விளையாத ஒரு பச்சை வயலுக்கும் முறைவைத்துப் பாசனம்.

ஆகவே தஞ்சை ரசிகர் பெரிய ஹாக்கி பார்க்கப் பயணப்பட வேண்டியிருக்கிறது. 2025 நவம்பர், டிசம்பரில் சென்னையும் மதுரையும் 24 அணிகள் கலந்துகொண்ட இளையோர் உலகக் கோப்பையை நடத்தின. இந்தியா வெண்கலம் பெற்றது. அதற்கு முன்பு, 2023 ஆகஸ்டில் சென்னை மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையில், மலேசியாவை 5–0 என வென்ற சுற்று ஆட்டத்தின் முதல் கோல் அரியலூர்க் கார்த்தியுடையது; அதே மலேசியாவிடம் இறுதி ஆட்டத்தின் பாதியில் 1–3 எனப் பின்தங்கி, பிறகு 4–3 என இந்தியா கோப்பையைப் பறித்தது. அந்த அரங்கு எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகும் தொலைவில் இருக்கிறது. தஞ்சாவூரில் இரவு புறப்பட்டு விடியலில் எழும்பூர் சேரும்படி ஓடும் ரயிலுக்கு உழவன் விரைவு வண்டி என்று பெயர். சாமி புறப்பாட்டுக்காகக் கண்விழித்த ஊரின் பிள்ளைகள் அதில் சற்று வசதியாகத் தூங்கிக்கொண்டு போகலாம்.