படைத் தலைக்கவசமும் பார்வைப் புலமும்

பார்வைப் புலம் என்பது, கண்ணையும் தலையையும் அசைக்காமல் நேரே நோக்கும் ஒருவருக்கு ஒரே நேரத்தில் புலப்படும் வெளியின் பரப்பாகும். இரு கண்களுக்கும் சேர்த்து இது கிடைமட்டத்தில் ஏறத்தாழ 200 பாகையும், மேல்நோக்கி ஏறத்தாழ 60 பாகையும், கீழ்நோக்கி ஏறத்தாழ 70 பாகையும் ஆகும். படைவீரர் அணியும் தலைக்கவசம் இப்புலத்தின் ஓரங்களை மறைக்கக்கூடியது. ஓரப்பார்வை எழுத்தைப் படிக்க உதவாது. ஆனால் அசைவை விரைந்து உணரும். பதுங்கியிருப்பவரின் அசைவு பெரும்பாலும் முதலில் இங்குதான் தென்படும்.

மறைப்பு ஏற்படும் விதம்

மேல்நோக்கிய பார்வையைக் கவசத்தின் முன்விளிம்பு மறைக்கிறது. விளிம்பு கண்ணுக்கு 5 செ.மீ. முன்னும் 3 செ.மீ. மேலும் இருப்பின், மேல்நோக்கி 31 பாகை வரையே காண இயலும். அதுவே 1 செ.மீ. கீழே சரிந்தால் 22 பாகையாகக் குறைந்துவிடும். எனவே கவசத்தின் வடிவத்தைப் போலவே, அது தலையில் நழுவாமல் பொருந்துவதும் முக்கியமானது.

குப்புறப் படுத்துச் சுடும்போது இச்சிக்கல் கடுமையாகும். மார்புக்கவசத்தின் கழுத்துப்பட்டை கவசத்தின் பின்விளிம்பை முட்டி, அதைக் கண்மீது தள்ளும். 1980களில் அமெரிக்கப் படையில் பரவலான கெவ்லார் தலைக்கவசத்தில் இக்குறை இருந்தது. 2000களில் அதற்கு மாற்றாக வந்த கவசத்தில் முன்விளிம்பு நீக்கப்பட்டது, பின்பகுதியும் குறுக்கப்பட்டது. இதனால் காக்கப்படும் பரப்பு சற்றுக் குறைந்தது.

இந்தியப் படையில்

இரண்டாம் உலகப்போரில் பிரித்தானிய இந்தியப் படையினர் அணிந்த அகன்ற விளிம்புடைய எஃகுக் கவசம், மேலிருந்து சிதறும் குண்டுத் துணுக்குகளைத் தடுப்பதற்கானது. பின்னர் காஷ்மீரில் கிளர்ச்சி எதிர்ப்புப் பணியில் ஈடுபட்ட வீரர்களின் தேவை வேறாக இருந்தது. அங்கு அச்சுறுத்தல் துப்பாக்கிக் குண்டே. அது வீட்டு மாடியிலிருந்தும் மலைச்சரிவிலிருந்தும் வரக்கூடியது. அப்பணியில் பரவலாகப் பயன்பட்ட 'பட்கா' என்னும் கவசம், நெற்றியையும் பின்தலையையும் சுற்றி அமையும் தடித்த பட்டையாகும். முன்னே நீளும் விளிம்பு இதற்கு இல்லை. ஏகே-47 குண்டையும் தடுக்கவல்லது எனினும், எடை ஏறத்தாழ 2.5 கி.கி.; உச்சந்தலைக்கோ காப்பு இல்லை.

தலை முழுவதையும் மூடும் இலகுவான புதிய கவசங்கள் 1.58 லட்சம் வாங்கப்படுவது 2017இல் செய்தியானது. இவை 9 மி.மீ. கைத்துப்பாக்கிக் குண்டைத் தடுப்பவை. ஆற்றல் மிக்க துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் திறனில் பட்காவுக்கு இவை ஈடல்ல என்பது குறிப்பிடத்தக்கது.

இரவுப்பார்வைக் கருவி

தலைக்கவசத்தில் பொருத்தப்படும் வழக்கமான இரவுப்பார்வைக் கருவி சுமார் 40 பாகை மட்டுமே காட்டும். இக்குறையை ஈடுசெய்ய வீரர் தலையை ஓயாது திருப்ப வேண்டியுள்ளது. கருவியின் எடை முன்பக்கம் இழுப்பதால் கழுத்து விரைவில் களைத்துவிடும். இதைச் சமன்செய்யப் பின்பக்கம் எதிர்எடை வைப்பதுண்டு. ஆனால் அதுவும் கழுத்துக்குச் சுமையே.