மாளிகை தியேட்டர் வாகனத் தரிப்பிடமான கதை

கடை எவ்வளவு பெரிதானாலும் அதைத் தாங்குபவர் வாடிக்கையாளர்தான் என்பதற்கு நான் அடிக்கடி சொல்லும் உதாரணம், அமெரிக்காவின் டெட்ரொயிட் நகர மத்தியிலுள்ள மிச்சிகன் தியேட்டர்.

1926இல் திறக்கப்பட்ட இந்த மாளிகையில் 4,000க்கும் அதிகமான ஆசனங்கள் இருந்தன. பின்னர் வீடுகளுக்குத் தொலைக்காட்சி வந்தது. கார் வாங்கியவர்கள் புறநகர்களில் குடியேறினார்கள். கடைகளும் அவர்கள் பின்னால் சென்றன. 1976இல் தியேட்டர் மூடப்பட்டது.

ஒட்டியுள்ள அலுவலகக் கட்டடம் பாதிக்கப்படும் என்பதால் இடிக்கவும் முடியவில்லை. அங்கு வாடகைக்கிருந்தோருக்கோ கார் நிறுத்த இடம் தேவைப்பட்டது. ஆகவே ஆசனங்களை அகற்றி உள்ளே மூன்று மாடித் தரிப்பிடம் அமைத்தார்கள். சித்திர வேலைப்பாடுள்ள கூரையின் கீழ் கார்கள் நின்றன. 1896இல் ஹென்றி போர்ட் தமது முதல் மோட்டார் வாகனத்தைச் செய்த பட்டறை இருந்ததும் இதே இடத்தில்தான்!

புறக்கோட்டையில் நான் வியாபாரம் செய்த நாட்களில், "வாகனத்தை எங்கே விடுவது?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனவர்கள் பலர். அவர்கள் விலைகூடக் கேட்கவில்லை.

வர்த்தக அன்பர்களே, சரக்கு நல்லதாயிருந்தால் மட்டும் போதாது. ஆட்கள் வந்துபோக வழியும் வேண்டும். கடை வாசலில் நமது லொறியை நாள் முழுதும் நிறுத்தும் பழக்கத்தை முதலில் விடுவோம்.